சிகரத்தினின்று இறங்கிய பின்

இமயம் தமிழருக்குப் புதிய பெயரன்று. இமயத்தில் வில் பொறித்த சேரனைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே நாமெல்லாம் படித்துவிட்டோம். அவன் மகன் செங்குட்டுவன் கண்ணகிக்குப் படிமம் சமைப்பதற்காக அம்மலையிலிருந்து கல் கொணர்ந்த செய்தியைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. கல் எடுக்கச் சென்றான், கல்லோடு மீண்டான். போனதற்குக் காரணம் இருந்தது; வந்ததற்குப் பயனும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதே மலைமேல் ஏறியவர்களின் கதை அப்படிப்பட்டதன்று. உயிரைப் பணயம் வைத்து ஏறினார்கள், வெறுங்கையோடு இறங்கினார்கள். 'அத்தனை உயரம் ஏறி அங்கே என்னத்தைக் கண்டார்கள்?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் விடை சொல்வது எளிதன்று.

கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம். ஏறி என்ன கண்டார்கள் என்பதிருக்கட்டும். இறங்கிய பின் என்ன செய்தார்கள்? 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் டென்சிங் நார்கேயும் எட்மண்டு ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றது ஏறத்தாழக் கால்மணி நேரம். ஹிலாரி அதன் பிறகு ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலும், டென்சிங் முப்பத்து மூன்று ஆண்டுகளும் வாழ்ந்தனர். கால்மணி நேரத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஓர் அலமாரியை நிறைக்கும். எஞ்சிய ஆண்டுகளைப் பற்றித் தேடினால்தான் கிடைக்கும். அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்பவர்கள் நாம். அங்கே ஒரு மனிதன் ஒரு பதவியாகவும் ஒரு தேதியாகவும் சுருங்கிவிடுவதை நாள்தோறும் பார்க்கிறோம். மலையேறினவர்களின் வரலாற்றுக்கும் அதே கதிதான். பெயர், நாள், எத்தனை அடி, அவ்வளவோடு முடிந்தது.

உண்மையில் இவர்களிற் பலர் மலையைத் தவிர வேறொன்றின் மீதும் தீராத பித்துக்கொண்டிருந்தனர். பிராங்க் ஸ்மைத் என்பவர் 1931-இல் கமேத் சிகரத்தை வென்று திரும்பும் வழியில் கட்வால் பகுதியில் பூக்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கைக் கண்டார், சிகரம் மறந்துபோயிற்று, 1937-இல் மறுபடி அங்கே சென்று செடிகளையும் விதைகளையும் சேகரித்தார், 1938-இல் நூலும் எழுதினார். இன்று உத்தராகண்டில் தேசியப் பூங்காவாக விளங்கும் 'மலர்ப் பள்ளத்தாக்கு' என்னும் பெயர் அவர் நூலின் வழியே உலகறிந்ததாயிற்று. ஆனால் நாம் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புவது இன்னொருவரைப் பற்றி. ஏனெனில் அவர் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்த இடம் நம்முடைய ஊர்.

கன்னியாகுமரி மாவட்டத்து அன்பர்களுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியைத் தெரியாமலிராது. இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் அருகிலுள்ளது அவ்வூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னை மாகாணத்தோடு இணையும்வரை அது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-இல் அங்கே வைத்தியப் பணியைத் தொடங்கினர். அந்த ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் தியடோர் ஹோவர்டு சோமர்வெல், எவரெஸ்ட் மலையில் 28,000 அடி உயரம் வரை ஏறியவர் என்பது அங்குச் சென்ற நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

சோமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். காலணி செய்து விற்கும் வளமான குடும்பம். ஆனால் அவருக்குக் காலணியில் நாட்டமில்லை; அதை மாட்டிக்கொண்டு மலை ஏறுவதில்தான் நாட்டம். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்று, லண்டனில் மருத்துவம் முடித்தார். முதல் உலகப் போர் மூண்டது. 1916-இல் பிரான்சில் சோம் நதிக்கரைப் போர் நடந்தபோது, போர்முனைக்கு அண்மையிலிருந்த சிகிச்சை முகாமில் அவர் ரண வைத்தியர். காயம்பட்டவர்கள் புல்வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடத்தப்பட்டிருக்க, விரல்விட்டு எண்ணத்தக்க வைத்தியர்கள் இரவு பகலாகக் கத்தி பிடித்தனர். யாரை முதலில் தூக்குவது, யாரை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க வேண்டிய அந்த நாட்கள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் போரை வெறுப்பவரானார்.

1922-ஆம் ஆண்டு எவரெஸ்டுக்குச் சென்ற பிரிட்டிஷ் குழுவில் அவர் இடம்பெற்றார். மே 21-ஆம் நாள் மல்லரி, நார்ட்டன் ஆகியோருடன் பிராணவாயுக் குழாயின் துணையின்றி 26,985 அடி ஏறினார். அதுவரை மனிதர் எவரும் அத்தனை உயரத்தில் கால் வைத்ததில்லை. அந்தப் பயணத்திலும் அவருடைய மற்றப் பித்துகள் கூடவே வந்தன. பழுப்பு நிறப் பொட்டலக் காகிதத்தில் வர்ணம் தீட்டுவார்; மரமற்ற திபெத்திய மேட்டுநிலத்தின் நிறத்தைக் காட்ட அக்காகிதமே ஏற்றது என்று கண்டுகொண்டார். வழியில் கேட்ட திபெத்தியப் பாட்டுகளை மேனாட்டுச் சுரக்குறியில் எழுதிக்கொண்டார். குளிரில் உறங்க முடியாத இரவுகளில் அவரும் மல்லரியும் கூடாரத்துக்குள் ஷேக்ஸ்பியரை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவதுண்டு.

ஜூன் 7-ஆம் நாள் மீண்டும் ஒரு முயற்சி. வட கணவாய்க்கு ஏறும் சரிவில் புதுப்பனி படிந்திருந்தது. மல்லரி, சோமர்வெல், கிராபோர்டு ஆகிய மூன்று வெள்ளையர் முன்னே வழி வகுக்க, பதினான்கு சுமையாளர் பின்தொடர்ந்தனர். திடீரென்று சரிவு முழுதும் பெயர்ந்தது. முன்னே சென்றவர்கள் பனியில் புதைந்து எழுந்தனர். பின்னே வந்தவர்களில் ஒன்பது பேரைப் பனி ஒரு பனிச்சுவரின் விளிம்புக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போயிற்று. இருவரே உயிரோடு மீட்கப்பட்டனர். எழுவர் மாண்டனர்.

மாண்டவர்களில் ஒருவர்கூட வெள்ளையர் இல்லை. இதுதான் சோமர்வெலை வாட்டிற்று. சிகரம் ஏறும் ஆசை தமக்கு. அந்த ஆசைக்காகச் செத்தவர்கள், கூலிக்குச் சுமை தூக்க வந்தவர்கள். தம்மில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கலாகாதா, அப்படிப் போயிருந்தால் எஞ்சியிருந்த சுமையாளர் தங்கள் துயரத்தில் நாங்களும் பங்காளிகள் என்று உணர்ந்திருப்பார்களே என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அந்தக் காலத்து வெள்ளையர் ஒருவர் இதை அச்சில் எழுதினார் என்பதை நாம் சிறியதாகக் கொள்ளவில்லை.

குழு கலைந்தது. சோமர்வெல் ஊர் திரும்பு முன் இந்தியாவைப் பார்த்துவிடலாமென்று தெற்கே புறப்பட்டார். அப்படி வந்து சேர்ந்ததுதான் நெய்யூர். அங்கே டாக்டர் பியூ என்னும் ரண வைத்தியர், நாள் முழுதும் நின்று சிகிச்சை செய்தும் வரிசை குறையாமல் தவித்துக்கொண்டிருந்தார். வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்த சோமர்வெல் தாமும் கத்தியை எடுத்துக்கொண்டு உதவியில் இறங்கினார். லண்டனில் அவர் பயின்ற பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு நல்ல பதவி காத்திருந்தது. அதை ஏற்றிருந்தால் செல்வமும் பெயரும் தாமே வந்திருக்கும். அவர் அதை மறுத்துவிட்டு நெய்யூருக்கு வரத் தீர்மானித்தார்.

பனியில் மாண்ட எழுவருக்கும் நெய்யூருக்கும் நேராக ஒரு கோடு கிழித்துக் காட்டுவது எளிது. கதையாகச் சொல்வதற்கும் நன்றாயிருக்கும். நாம் அதைச் செய்ய விரும்பவில்லை. அவர் கிறிஸ்தவ ஊழியராக வந்தார். தம் சமயப் பற்றை மறைத்ததுமில்லை. சோம் நதிக்கரையில் வைத்தியருக்காகக் காத்துக்கிடந்தவர்களின் நினைவும் அந்த வரிசையைக் கண்டபோது எழுந்திருக்கக்கூடும். ஒரு மனிதன் தன் வாழ்க்கையைத் திருப்புவதற்குக் காரணம் ஒன்றுதான் என்று யார் சொல்வது? ஜூன் மாதம் அந்தச் சாவு. அதே ஆண்டில் நெய்யூர். இவ்வளவே நமக்குத் தெரிந்தது.

ஆனால் 1924-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நெய்யூர்ப் பணியிலிருந்து விடுப்பெடுத்துக்கொண்டு அவர் மறுபடி எவரெஸ்டுக்குச் சென்றார். மே மாதம் 24-ஆம் நாள். நான்கு சுமையாளர் வட கணவாயின் மேலே அகப்பட்டுக்கொண்டனர். பனி பெய்துகொண்டிருந்தது, இறங்கும் வழியைக் கண்டு அவர்கள் அஞ்சினர். சிகர முயற்சியைக் கைவிட்டாவது அவர்களை மீட்க வேண்டும் என்று தலைவர் நார்ட்டன் முடிவுசெய்தார். அவரும் மல்லரியும் சோமர்வெலும் மேலே ஏறினர். எப்போது பெயருமோ என்றிருந்த ஒரு பனிச்சரிவைக் குறுக்கே கடந்தால்தான் அந்நால்வரை அடையலாம். சோமர்வெல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அடி அடியாகக் கடந்தார். அப்போதே அவருக்குத் தொண்டையை அறுக்கும் இருமல். கயிறு தீர்ந்துவிட்டது, நால்வருக்கும் அவருக்கும் இடையே இன்னும் சில கஜம். வேறு வழியின்றி அவர்களைத் தம்மிடம் வரச் சொன்னார். இருவர் எப்படியோ வந்து கடந்தனர். மற்ற இருவரும் கால் வழுக்கிச் சரிந்து, விளிம்புக்கு முன்னே தற்செயலாக நின்றனர். அசைந்தால் பாதாளம். சோமர்வெல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்; பனிக்கோடரியைப் பனியில் ஆழக் குத்திக் கயிற்றை அதைச் சுற்றிவிட்டு, நுனியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையை நீட்டி ஒவ்வொருவராகக் கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்துச் சேர்த்தார். நால்வரும் உயிரோடு இறங்கினர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுவரைக் கொண்டுபோன அதே மலைச்சரிவின் பக்கம் அது.

அதன் பின்னர் ஜூன் 4-ஆம் நாள், அவரும் நார்ட்டனும் உச்சியை நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடியில் சோமர்வெலுக்கு மூச்சு முட்டிற்று, உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியே 28,126 அடிவரை சென்று திரும்பினார். இறங்கும்போது சோமர்வெலின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது, மூச்சு நின்றது. கூப்பிடக் குரலில்லை. முன்னே சென்ற நார்ட்டனோ, அந்தி வெயிலின் அழகைப் படம் வரைவதற்காக நண்பர் பின்தங்கிவிட்டார் என்றெண்ணி நடந்துகொண்டிருந்தார்! ஓவியப் பித்துக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு போலும். முடிவு வந்துவிட்டதென்று பனியில் உட்கார்ந்த சோமர்வெல், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தினார். அடைத்தது வெளிவந்தது, குளிரில் வெந்துபோன தொண்டையின் உட்சவ்வு அது. இரத்தம் துப்பிக்கொண்டே இறங்கினார். கீழே முகாமில் மல்லரியைச் சந்தித்தபோது தம் காமிராவை அவருக்கு இரவல் கொடுத்தார். மல்லரியும் இர்வினும் ஜூன் 8-ஆம் நாள் சிகரத்தை நோக்கிப் போய்த் திரும்பவில்லை. மல்லரியின் உடல் 1999-இல் கிடைத்தது. காமிரா கிடைக்கவில்லை.

அதே 1924-இல், 1922-ஆம் ஆண்டுக் குழுவினரின் மலையேற்றத்துக்காக ஒலிம்பிக் பதக்கம் வழங்கப்பட்டது. எனவே நெய்யூரில் கத்தி பிடித்தவர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர். அக்காலத்தில் தென் திருவிதாங்கூரில் ஏழைகளின் உணவிற் பெரும்பகுதி மரச்சீனிக்கிழங்கு. சிறுகுடலின் தொடக்கத்தில் உண்டாகும் புண் அப்பகுதி மக்களிடையே மிகுதியாய் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்து வந்தவர்களுக்குச் சோமர்வெல் ரண சிகிச்சை செய்தார். காரணம் உணவில் இருக்குமோ என்று ஆராய்ந்து, சக வைத்தியரோடு சேர்ந்து 1936-இல் கட்டுரையும் வெளியிட்டார். இத்தகைய புண்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமியே காரணம் என்பது 1980-களில்தான் தெரியவந்தது. ஆனால் ஏழையின் வயிற்றுவலிக்கு அவன் உண்ணும் சோற்றில் காரணம் தேடிய மனம் மதிக்கத்தக்கது. வெற்றிலையும் புகையிலையும் மென்று வாயில் புற்று வந்தவர்களும் ஏராளமாக அவரிடம் வந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் மாணவர்களுக்கு ரண வைத்தியம் கற்பித்தார். 1961-இல்தான் தாயகம் திரும்பினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு! மலையில் அவர் கழித்த மாதங்களை எண்ணிப் பார்த்தால் விரல்களுக்குள் அடங்கிவிடும். லண்டன் ஆல்பைன் சங்கத்தார் 1962-இல் அவரைத் தலைவராக்கினர். 1975-இல் காலமானார். திருவனந்தபுரம் மாவட்டத்துக் காரக்கோணத்தில் 2002-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பனியில் மாண்ட எழுவரைப் பற்றிச் சொன்னோம். அவர்களும், அவர்களைப் போன்று சுமை தூக்கியவர்களும் என்ன ஆனார்கள் என்று கேட்காமல் இக்கதையை முடிக்கலாகாது. 'ஷெர்ப்பா' என்னும் சொல்லைச் சிலர் 'சுமைகூலி' என்று பெயர்த்துவிடுவதை நம் தொழிலில் கண்டிருக்கிறோம். அது தவறு. ஷெர்ப்பா என்பது ஓர் இனத்தின் பெயர். கிழக்கேயிருந்து வந்தோர் என்று பொருள். நேபாளத்தில் எவரெஸ்டின் அடிவாரத்துக் கிராமங்களில் வாழும் அவ்வினத்தார், பிழைப்புத் தேடி டார்ஜிலிங்குக்கு வந்து குடியேறினர். அங்கேதான் வெள்ளையர் தங்கள் குழுக்களுக்கு ஆள் எடுத்தனர். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, பிறர் மொழி பேசும் ஊரில் கூலிக்கு நிற்பதன் பொருளைத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

டென்சிங்கும் அப்படி டார்ஜிலிங்குக்கு வந்த இளைஞரே. 1935-இல் முதன்முதலாக எவரெஸ்ட் குழுவில் சுமை தூக்கினார். 1953-இல் உச்சியைத் தொட்டது ஏழாவது முறை சென்றபோது. பள்ளியில் பயிலாதவர், எழுதத் தெரியாது, ஆயினும் பல மொழி பேசுவார். தம் வாழ்க்கையை அவர் வாயால் சொல்ல, உல்மன் என்னும் அமெரிக்கர் எழுதி 1955-இல் வெளியிட்டார். வெற்றிக்குப் பின் உலகமெங்கும் மாலை விழுந்தது. ஆனால் மாலையோடு அவர் நிற்கவில்லை. 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, களப் பயிற்சி இயக்குநர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, கற்பிக்கும் முறையைத் தாம் ஒரு மாணவராயிருந்து கற்றுவந்தார். நாற்பது வயதில், எவரெஸ்ட் ஏறிய பிறகு, முடிச்சுப் போடுவதிலிருந்து தொடங்கிப் பாடம் கேட்க ஒப்பியவர்! 1976 வரை இருபத்திரண்டு ஆண்டு அப்பணியில் இருந்தார். எவர் முதுகிலோ சுமை ஏற்றி அனுப்பிய நாடு, தன் இளைஞர்க்கு ஆசிரியராக ஒரு சுமையாளரை அமர்த்திற்று. அந்நியர் கொடுத்த பதக்கங்களைவிட இதுவே பெரியது என்று நமக்குத் தோன்றுகிறது. வீட்டில் அவருக்கு வேறொரு பித்து: லாசா ஆப்சோ என்னும் திபெத்திய நாய்கள். சடை தொங்கும் அச்சிறு நாய்களை அவர் ஆசையோடு வளர்த்துப் பெருக்கினார். 1986 மே மாதம் டார்ஜிலிங்கிலேயே மறைந்தார்.

அவரோடு உச்சியில் நின்ற ஹிலாரி நியூசிலாந்தில் தேனீ வளர்த்தவர். 1960-இல் ஷெர்ப்பாக் கிராமத்தார் அவரிடம் கேட்டது பொன்னும் பொருளுமன்று. பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். 1961-இல் கும்ஜுங்கில் முதற் பள்ளி எழுந்தது. பின்னர் வேறு பள்ளிகள், 1966-இல் குண்டேயில் ஆஸ்பத்திரி என்று அவ்வேலை வளர்ந்தது. 1975-இல் பாப்லு என்னுமிடத்தில் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தபோது, அவரைக் காண வந்த மனைவியும் இளைய மகளும் காட்மாண்டு அருகே விமானம் விழுந்து இறந்தனர். நெடுநாள் அத்துயரத்தில் ஆழ்ந்து கிடந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டடம் நிற்கவில்லை. 1985 முதல் 1989 வரை நியூசிலாந்தின் தூதராகப் புதுதில்லியிலும் வாழ்ந்தார். அவர் 2008-இல் காலமானார்.

தில்லியில் வாழும் அன்பர்கள் எளிதிற் சென்று காணக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 1965-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், கேப்டன் கோஹ்லி தலைமையில் சென்ற இந்தியக் குழுவைச் சேர்ந்த ஹரிபால் சிங் அலுவாலியா எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு, ராணுவ அதிகாரி. அதே ஆண்டு பாகிஸ்தானோடு நடந்த போரின்போது காஷ்மீரில் ஒரு குண்டு அவர் தண்டுவடத்தைத் துளைத்தது. உச்சியில் நின்ற கால்கள் சில மாதங்களுக்குள் ஓய்ந்தன. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடக் காயத்துக்கென்றே தனியாக அமைந்த சிகிச்சையைக் கண்டார். தம் நாட்டில் அப்படி ஒன்றுமில்லையே என்ற ஏக்கத்தோடு திரும்பினார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே அரசாங்கத்தாரையும் செல்வரையும் வைத்தியரையும் பல்லாண்டு விடாமல் நாடிப் பெற்றதுதான் தில்லி வசந்த் குஞ்சிலுள்ள இந்தியத் தண்டுவடக் காய மருத்துவ நிலையம். 2022 ஜனவரியில் மறையும் வரை அதற்காகவே உழைத்தார்.

தண்டுவடம் முறிந்து சிகிச்சைக்கு வருவோரிற் பெரும்பாலோர் எந்த மலையும் ஏறினவர்களல்லர். மொட்டை மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவர்கள். சாலையில் வண்டி மோதி வீழ்ந்தவர்கள்.